வரவில்லை

நேரம் பார்த்தவன் நான்தான்.
மணி என்னிடம், மணிக்கூடு என்னிடம்,
முடிவு எழுதும் கொப்பியும் என்னிடம்.

முற்றவெளியில் நாலு பனங்குற்றி நட்டு
கப்பல் கயிறு கட்டி
பழைய பாய்ச்சீலை விரித்து
ரிக்கற் விற்ற பொக்சிங்.
கதிரை ஒரு ரூபா. நிலம் பத்துச் சதம்.
அகழிப் பக்கம், காற்று மாறினால் நாற்றம் வரும் பக்கம்,
நின்று பார்க்க ஐந்து சதம்.
அங்கே நிற்பவர்கள் ஆரென்று
நோட்டீசில் போடவில்லை.
போடத் தேவையும் இல்லை.

கொழும்பால் வந்தவன் கெல்லர்ட்,
எஞ்சினுக்குக் கரி அள்ளும் பறங்கி.
போன மாசம் ஒரு வெள்ளைக்காரச் சோல்ஜர்
இந்த நிறத்தோடு ஏறமாட்டேன் என்று
சட்டை கழற்றாமலே போனானாம்.
சொல்லிச் சிரித்தான்;
சிரிப்பின் நடுவில்
உடைந்த பல்லை நாக்கால் தடவினான்.
"இஞ்ச எவனெண்டாலும் சரி.
மூண்டு றவுண்ட் நிண்டால் இருபத்தைஞ்சு ரூபா."

நிற்கிறேன் என்று வந்தவன் வல்லியன்.
வல்லிபுரம் என்று தாய் வைத்த பேரைப்
பதிவுக்காரர் பாதியில் வெட்டிவிட்டார்,
அவர்கள் பேருக்கு அவ்வளவு மை போதும் என்று.
பண்ணையில் வள்ளங்களிலிருந்து அரிசி மூடை இறக்குகிறவன்.
கப்பல் சமையற்காரன் ஒருவன்
அவனுடைய இடதுகைக்கு வேலை பழக்கியிருந்தான்.
நான் கண்டிருக்கிறேன்:
தொங்கவிட்ட தவிட்டு மூடை
அடி விழுந்த பிறகுதான்
அடி விழுந்ததை அறியும்.

கொமிற்றி கூடாரத்துக்குப் பின்னால் கூடியது.
நாலு வேட்டி, ஒரு கோட்டு.
சத்தம் போட்டு ஒருவரும் பேசவில்லை.
அவன் போட்ட கிளவுசை
அடுத்த சோடியில் ஆர் போடுறது?
மூலைக்கு வந்தால் முகம் துடைக்க
எங்கட வாளியில் ஆர் தண்ணி மொள்ளுறது?
தோற்றால் காரியமில்லை,
வெண்டால்
கையைப் பிடிச்சு உயர்த்துறது ஆர்?

எல்லோரும் மத்தியஸ்தரைப் பார்த்தார்கள்.
மத்தியஸ்தர் தன் கையைப் பார்த்தார்.

கிளவுஸ் தோல்தானே,
அதை உரித்த கை எது, ஊறவைத்த கை எது என்று
நான் கேட்டிருக்கலாம்.
கச்சேரியில் ஒரு இடம் காலியாக இருந்தது.
கோட்டுப் போட்டவர் மனு வாங்குகிறவர்.

"மணியை அடி," என்றார் அவர்.
"பத்து எண்ணு. உள்ளே ஆளில்லாட்டி வோக்ஓவர். சட்டம் அதுதான்."

அடித்தேன்.
கயிற்றுக்கு வெளியே, எட்டடி தூரத்தில்,
சாக்குக் கிழிசலால் கை சுற்றி
வல்லியன் நின்றான்.
இரண்டு பேர் குறுக்கே, தொடாமல்,
தடியை மட்டும் நீட்டிக்கொண்டு.
ஒன்று, இரண்டு என்று
அவன் முகத்தைப் பார்த்தே எண்ணினேன்.
அவன் கோபப்படவில்லை.
உதடு அசைந்தது.
அவனும் என்னோடு எண்ணிக்கொண்டிருந்தான்.

"அந்தா நிக்கிறானே!" என்று கெல்லர்ட் கத்தினான்.
ஒன்பது.
பத்து.
கெல்லர்ட்டின் கையை உயர்த்திவிட்டு
மத்தியஸ்தர் வீட்டுக்குப் போய்
முழுகினார் என்று கேள்வி.
ஐந்து சதப் பக்கத்தில் ஒருவரும் காசு திருப்பிக் கேட்கவில்லை.
கலையவும் இல்லை.
மிச்சச் சண்டைகள் எல்லாம்
அந்த மௌனத்துக்கு முன்னால் நடந்தன,
குத்துகிறவர்களுக்கே கூச்சமாக இருந்தது.

கொப்பியில் எழுதினேன்: எதிராளி வரவில்லை.
என் கையெழுத்து வடிவானது,
எல்லோரும் சொல்வார்கள்.

விடிய, பற்றுச்சீட்டில் ஒப்பம் வாங்க ஸ்ரேசனுக்குப் போனேன்.
கெல்லர்ட்டின் வலக்கண் மூடிக் கிடந்தது,
நாவற்பழ நிறத்தில்.
இடதுகைக்காரனின் அடி
அங்கேதான் விழும்.
காற்சட்டை முழங்காலில் பண்ணைச் சேறு காயவில்லை.
விரல் மடங்காமல்
பேனையைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி
ஒப்பமிட்டான்.

எத்தனை றவுண்ட், என்று கேட்டேன்.
வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"மணி அடிக்க அங்க ஆளில்லை," என்றான்.
ரயில் அசையும்போது யன்னலால் தலை நீட்டி,
"உனக்குப் பத்துக்கு மேல
எண்ணத் தெரியாதோ?"